காஜியார் வீதியில் பார்க்க என்ன இருக்கிறது?

(நமது அறக்கட்டளையின் பொதுக்கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

 

இன்று உங்கள் முன் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கிறோம். கல்விக்கும் மருத்துவத்திற்கும் நாம் கொடுத்து வரும் கர்ளன் ஹஸனா, அதாவது வட்டியில்லாக் கடனை, நம் மஹல்லாவின் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் கொடுக்கலாமா என்பதே அது. முடிவு உங்களுடையது. அதற்கு முன், கொஞ்சம் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம்.

விடுமுறையில் நம் மாணவர்களை அழைத்துக்கொண்டு காஜியார் வீதி, முல்லா வீதிப் பக்கம் காலை நேரத்தில் நடந்தோம். ஒரு மாணவன் கேட்டான்: “வெளியூர்க்காரர்கள் எல்லாரும் ஒயிட் டவுனுக்குத்தானே போகிறார்கள்? நம் தெருவில் பார்க்க என்ன இருக்கிறது?” நியாயமான கேள்வி. சனி, ஞாயிறு வந்தால் கடற்கரைச் சாலையில் கால் வைக்க இடமில்லை. மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே வருகிறவர்கள் குறைவு. வந்தாலும் எதைப் பார்ப்பது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது தெருவையே. 1693 முதல் 1699 வரை இந்த ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. நூல் பிடித்தாற்போல் இருக்கும் இந்தத் தெருக்களின் திட்டம் அவர்கள் காலத்தில் போடப்பட்டது. நாம் பிரெஞ்சுக்காரர் பேரில் எழுதிவிடுகிறோம். அந்தத் திட்டத்திற்குள் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் தனித்தனித் தெருக்களில் குடியமர்ந்தார்கள். காஜியார், முல்லா என்று மார்க்கப் பொறுப்புகளே தெருப் பெயர்களானது அப்படித்தான். மீரான் பள்ளிவாசலும் குத்பா பள்ளிவாசலும் தொழுகைக்கு மட்டும் கூடிய இடங்கள் அல்ல. நிக்காஹ் பதிவும் பாகப்பிரிவினைப் பேச்சும் வழக்குத் தீர்வும் இந்தத் தெருக்களில்தான் நடந்தன.

சந்தா சாஹிப் வீதி என்று ஊரில் ஒரு தெரு இருக்கிறது. யார் அவர் என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1740இல் மராட்டியப் படை கர்நாடகப் பகுதிக்குள் புகுந்தபோது ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி போரில் கொல்லப்பட்டார். அவர் குடும்பமும், மருமகன் சந்தா சாஹிபின் மனைவி மக்களும் அடைக்கலம் தேடி வந்த ஊர் புதுச்சேரி. அன்றைய கவர்னர் துய்மா அவர்களைத் திருப்பி அனுப்ப மறுத்துவிட்டார். ஆம்பூர் சாலை என்றதும் நினைவுக்கு வரும் 1749ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில், அதே சந்தா சாஹிப் பிரெஞ்சுப் படையோடு சேர்ந்து நின்றார்.

மாணவர்களிடம் சொன்ன இன்னொரு செய்தியை இங்கேயும் சொல்ல வேண்டும். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகை நடந்த சமயம். ஊரின் பெரிய கோயிலான வேதபுரீஸ்வரர் கோயிலை துய்ப்ளே காலத்து அதிகாரம் இடித்துத் தள்ளியது. அந்தத் துயரத்தை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் வரி வரியாக எழுதி வைத்திருக்கிறார். அதே நாளில் பள்ளிவாசலையும் இடிக்கக் கை வைத்தார்கள். சிப்பாய்களின் தலைவர் அப்துர் ரஹ்மான் கவர்னரிடம் போய், பள்ளிவாசலைத் தொட்டால் ஒரு சிப்பாயும் உங்களுக்கு மிஞ்சமாட்டான் என்றார். இடிப்பு நின்றது. இதைச் சொல்லி நாம் பெருமைப்பட்டுக் கொள்வதற்கில்லை. அண்டை வீட்டாரின் கோயிலுக்காகப் பேச ஆயுதம் ஏந்திய ஆள் இல்லை. நமக்கு இருந்தார், அவ்வளவுதான். அந்தக் கோயிலைப் பிறகு மக்கள் வேறு இடத்தில் எழுப்பிக்கொண்டார்கள். இரண்டையும் ஒன்றாகச் சொன்னால்தான் நம் தெருவின் கதை உண்மையாக இருக்கும். வருகிற விருந்தினர் யாராக இருந்தாலும் இதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம்.

1761இல் ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளைக்காரர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765க்குப் பிறகுதான் ஊர் மறுபடி எழுந்தது. இன்று நாம் பழைய வீடு என்று காட்டுபவற்றில் பெரும்பாலானவை அதற்குப் பிந்தியவை. கீழே தமிழ் வீடு: திண்ணை, தாழ்வாரம், முற்றம். மேலே போனால் வளைவு ஜன்னலும் மரச்சட்டக் கதவும் பிரெஞ்சு முறை. இந்தக் கலப்பை வேறெங்கும் இந்த அளவில் பார்க்க முடியாது. இதில் சில வீடுகள் சைகோன் பணத்தில் கட்டப்பட்டவை. வியாபாரத்திற்கும் பிரெஞ்சு அரசு வேலைக்கும் நம்மவர் அங்கே போனார்கள். சைகோன் நகரின் டோங் து தெருவில் 1935இல் எழுந்த பள்ளிவாசல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டியது. இன்றும் அங்கே தொழுகை நடக்கிறது.

இப்போது கொஞ்ச தூரம் போய் வருவோம். ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் போஸ்னியா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் சரயேவோ. அங்கே பாஷ்சார்ஷியா என்ற பழைய கடைவீதிக்கு உலகம் முழுவதிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். செம்புத் தட்டும் காப்பிக் குவளையும் செய்கிற கடைகள், பள்ளிவாசல், மதரஸா, எல்லாம் சில நிமிட நடையில். அங்குள்ள மணிக்கூண்டு ஒரு புதுமை. மஃரிப் நேரத்தில் அது பன்னிரண்டு காட்டும். சூரியன் மறையும் நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒருவர் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்க்கவே கூட்டம் நிற்கிறது.

நமக்குப் பாடம் மணிக்கூண்டில் இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. காஸி குஸ்ரவ் பே என்ற உஸ்மானிய ஆளுநர் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன் அங்கே பள்ளிவாசல் கட்டினார். அதோடு நிற்கவில்லை. கடைகளையும் கூரையிட்ட சந்தையையும் கட்டி, அவற்றின் வாடகையைப் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்தார். 1537இல் மதரஸா கட்டியபோது, கட்டியது போக மிஞ்சும் பணத்தில் நூல்கள் வாங்க வேண்டும் என்று வக்ஃபு பத்திரத்திலேயே எழுதி வைத்தார். அந்த நூலகம் இன்றும் இருக்கிறது. 1992 முதல் 1996 வரை நடந்த முற்றுகையில் அந்நகரம் குண்டு மழையில் நனைந்தது. அப்போதும் அதன் கையெழுத்துப் பிரதிகளை இடம் மாற்றி மாற்றிக் காப்பாற்றினார்கள். அதே நாட்டின் மோஸ்தார் நகரில் 1566இல் கட்டிய கற்பாலம் 1993 நவம்பர் 9 அன்று பீரங்கிக் குண்டில் ஆற்றில் விழுந்தது. அதே வகைக் கல்லை வெட்டி, பழைய முறையிலேயே திரும்பக் கட்டி, 2004 ஜூலையில் திறந்தார்கள். அவர்கள் வீட்டை இடித்தது பகைவன். நம் வீடுகளை இடிப்பது யார்?

இதைத்தான் நிர்வாகக் குழுவில் நெடுநேரம் பேசினோம். காரணம் ஆசை மட்டுமல்ல. ஒரு வீட்டிற்குப் பதினான்கு வாரிசுகள். ஐந்து பேர் பிரான்சில். ஃபராயிள் சட்டப்படி ஒவ்வொருவருக்கும் பங்கு உண்டு, அதில் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் ஓடு மாற்ற யார் பணம் போடுவது? ஒருவரும் போடுவதில்லை. மழை இறங்குகிறது. கடைசியில் புரோமோட்டர் வந்து மொத்தமாக விலை பேசுகிறார். பதினான்கு பேரும் ஒப்புக்கொள்கிற ஒரே விஷயம் விற்பனைதான் என்றாகிவிடுகிறது.

அடுத்த காரணம் சிமெண்ட். பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. மழை ஈரத்தை வாங்கி வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடல் ஊரில் உப்பும் சேர்ந்துகொள்ளும். சில வருடங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளே செங்கல் மாவாக உதிரும். மெட்ராஸ் டெரஸ் தளமும் அப்படித்தான். மர உத்திரங்களின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை இடித்துப் போட்டது. மேலே தட்டோட்டில் விரிசல் விட்டால், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனைதான் முதலில் உளுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் இறங்கிவிடும். 2014 நவம்பர் மழையில் கடற்கரையிலிருந்த மேரி கட்டடமே இடிந்து விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். அது அரசாங்கக் கட்டடம். திரும்பக் கட்டிக் கொடுத்தார்கள். நம் வீட்டை யார் கட்டிக் கொடுப்பார்கள்?

வைசியாள் வீதியில் இன்டாக் அமைப்பு வீட்டு முகப்புகளைச் சீர்செய்தது. வீட்டுக்காரர்களும் தங்கள் பங்கைப் போட்டார்கள். 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒரு தெருவால் முடிந்தது.

குழுவில் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: “குமருப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள், டயாலிசிஸுக்குப் பணம் கேட்டு வருகிறார்கள், நீங்கள் சுண்ணாம்புக்கா கொடுக்கப் போகிறீர்கள்?” அந்தக் கேள்விக்கு மரியாதை கொடுத்தே பதில் சொல்கிறோம். ஸகாத் பணத்தில் ஒரு பைசா இதற்குப் போகாது. அதற்கு உரியவர்கள் எட்டு வகையினர், அதில் சுவர் இல்லை. மருத்துவ நிதியும் அப்படியே இருக்கும். பொது நன்கொடையிலும் நம் கடை வாடகையிலும் மிஞ்சுவதைத்தான் கேட்கிறோம். வீட்டுக்காரர் தவணையில் திருப்பித் தர வேண்டும். தளமும் கூரையும் முதலில், முகப்பு பிறகு. வாரிசுகள் எல்லாரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் தீரும் வரை வீட்டை விற்பதாக இருந்தால் முதலில் நம் மஹல்லாவில் சொல்ல வேண்டும்.

கிழவி ஒருத்தி தனியாக இருக்கும் வீட்டில் மழை ஒழுகினால் அதுவும் மருத்துவச் செலவாகத்தான் வந்து முடிகிறது என்பதையும் அந்தப் பெரியவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

விருந்தினர் வந்தால் தெருவின் அமைதி கெடும், பெண்களைப் படம் எடுப்பார்கள் என்ற அச்சமும் சொல்லப்பட்டது. அது சரியான அச்சம். மோஸ்தாரில் கோடைக்காலக் கூட்டத்தில் ஊர்க்காரர் பாலம் கடப்பதே சிரமம். ஆகவே நடை காலையில் மட்டும், பத்துப் பதினைந்து பேருக்கு மேல் இல்லை, நம் மாணவர்கள் முன்னால் போக வேண்டும். வீட்டுக்காரர் அழைத்தால்தான் திண்ணை ஏறுவது. தொழுகை நேரத்தில் பள்ளிக்குள் படம் கிடையாது. நடை முடிவில் இடியாப்பமும் பாயாவும் கொடுக்க மூன்று சகோதரிகள் முன்வந்திருக்கிறார்கள். அந்த வருமானம் முழுவதும் அவர்களுக்கே.

கோரிக்கைப் படிவம் வாசலில் இருக்கிறது. சம்மதமோ மறுப்போ எழுதிப் பெட்டியில் போடுங்கள். பிரான்சில் வாரிசு உள்ளவர்கள் இன்று இரவே அவர்களுக்குத் தொலைபேசியில் பேசிவிடுங்கள், ரமலான் தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. வஸ்ஸலாம்.