தியானமும் சினக் கணக்கும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தியானத்தைப் பற்றிச் சில வார்த்தை பேசவேண்டுமென்று நம் காரியதரிசி அவர்கள் பணித்தபொழுது யான் பெரிதும் தயங்கினேன். யான் யோகியல்லேன், பள்ளியில் தமிழ் கற்பிக்கும் உபாத்தியாயன். ஆயினும் இத்துறையில் யான் வழுக்கி விழுந்த இடம் ஒன்றுண்டு. விழுந்தவன் பள்ளத்தைக் காட்டுதல் கூடுமன்றோ? அதனால் உடன்பட்டேன்.

தியானஞ் செய்வார்க்கு மனம் அடங்கும் என்பதை யாவரும் கேட்டிருக்கின்றோம். அவ்வடக்கத்தால் அவரோடு ஒரு வீட்டில் வாழ்வார்க்கும், ஒரு தொழிலில் உழைப்பார்க்கும் விளையும் பயன் யாது என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள்.

திருமூல நாயனார் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்தில் யோகத்திற்கு எட்டு உறுப்புக்கள் கூறினர். அவற்றுள் தியானம் ஏழாவது. முதலாவதாகிய இயமமோ கொல்லாமை, பொய்யாமை, களவின்மை முதலியன. காட்டில் தனித்திருப்பவன் யாரிடத்துப் பொய் கூறுவான்? யார் பொருளைக் களவாடுவான்? ஆகவே இயமம் என்பது பிறரோடு பழகும் முறையேயாம். நாமோ முதற்படியில் கால் வையாமலே ஏழாம்படியில் பாய்விரித்து அமர விரும்புகின்றோம்.

பாய் என்றதும் பத்தமடை நினைவிற்கு வருகின்றது. தாமிரபரணிப் பாய்ச்சலிலுள்ள அவ்வூரிலே 1887-ஆம் ஆண்டில் குப்புசாமி என்னும் குழந்தை பிறந்தது. அவர் மருத்துவம் பயின்று, 1913-இல் மலாய் நாடு சென்று, தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவராய்ப் பத்தாண்டு தொண்டாற்றி, 1923-இல் யாவும் விடுத்துத் திரும்பினார். பின்னர் ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆயினார். 1936-இல் தெய்வ நெறிக்கென ஒரு சங்கம் நிறுவி, 1963-இல் மறைந்தார். துறந்த பின்னும் மருத்துவத்தை அவர் விடவில்லை. கங்கைக் கரையில் சாதுக்களுக்கும் யாத்திரிகருக்கும் மருந்து கொடுத்தார். அவர் தம் மாணாக்கர்க்கு வகுத்த நெறியிலும் சேவை முதலிலும் தியானம் பின்னரும் நிற்பதைக் காண்மின். நாயனார் வைத்த முறையும் இதுவே.

அவர் செய்த காரியங்களுள் என்னைப் பெரிதும் ஈர்த்தது நாட்குறிப்பு ஏடு. வினாக்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு நாளும் அவற்றின் எதிரே விடை குறிக்கவேண்டும். எத்தனை மணிக்கு எழுந்தாய், எவ்வளவு நேரம் தியானத்தில் இருந்தாய் என்பன சில. எத்தனை பொய் சொன்னாய், எத்தனை முறை சினந்தாய், அச்சினம் எவ்வளவு நேரம் நின்றது, அதற்கு நீ உனக்கு விதித்த தண்டனை யாது என்பன வேறு சில. தியானமும் சினமும் ஒரே தாளில்! கடைக்கணக்கு எழுதும் நம்மவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும். வரவை மட்டும் எழுதிச் செலவை மறைப்பவன் கணக்கு யாருக்கு உதவும்?

நிற்க. என் கதைக்கு வருகின்றேன். ஓராண்டு காலம் யான் நாள்தோறும் விடியலில் அரைமணி நேரம் தவறாது அமர்ந்தேன். அதனை நண்பர்க்குச் சொல்லி மகிழ்ந்தும் வந்தேன். ஒருநாள் என் மனைவி, "நீங்கள் கண்ணை மூடியிருக்கும் அரைமணிதான் இவ்வீட்டில் நாங்கள் அச்சமின்றி மூச்சுவிடும் நேரம்" என்றாள். அதற்கும் சினந்தேன் என்பதை இச்சபையில் ஒளிப்பானேன்?

அதே காலத்தில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வினாக் கேட்பதில் சூரன். "வள்ளுவர் வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தாரே, மனைவி மக்களோடு வாழ்பவர்க்கன்றோ அது மிகுதியும் வேண்டும்?" என்று ஒருநாள் கேட்டான். "பொறையுடைமை இல்லறவியலில் உண்டு" என்று சொல்லித் தப்பினேன். பின்னொரு நாள் அவன் நேரங்கழித்து வந்தான். காரணம் கேளாமல், வகுப்பார் முன்னிலையில் தகாத சொல்லால் கடிந்தேன். பிசானப் பயிருக்கு இரவு முழுதும் முறைநீர் பாய்ச்சிவிட்டு வந்தவன் அவன் என்பது மாலையில் தெரிந்தது. மறுநாள் அதே வகுப்பார் முன்னிலையில் என் பிழையைச் சொல்லி வருந்தினேன். அவன் பணிவோடு தலையசைத்தான். ஆனால் அவ்வாண்டு முடியுமளவும் அவன் வேறு வினா எதுவும் கேட்கவில்லை.

அன்றிரவே ஏடு தொடங்கினேன். முதல் நாட் கணக்கு, சினம் ஏழு. அமரும் நேரத்தைக் கூட்டவில்லை. அமரும் விதத்தை மாற்றினேன். மனம் மந்திரத்தை விட்டு ஓடும்; ஓடிற்று என்று அறிந்து, அதனை வையாமல் மீட்டுக் கொணர்தல் வேண்டும். ஒரு காலையில் நாற்பது முறை மீட்கலாம். இம்மீட்சியே அப்பியாசம், ஓடாமலிருத்தல் அன்று. இதில் பழகியவனுக்குப் பகலில் சினம் எழும்பொழுது காது சுடுவதும் கை இறுகுவதும் சொல்லுக்கு முன்னரே தெரியவரும். அந்த ஒரு கணம் கிடைத்தால் போதும். எதிரிலிருப்பவர் சொல்வதை முற்றக் கேட்கலாம். ஹெர்பர்ட் பென்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1975-இல் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லை அமைதியாய்த் திரும்பத் திரும்ப நினைப்பார்க்கு மூச்சும் நாடித் துடிப்பும் தணியும் என்று விளக்கினர். உடல் தணிந்தவனுக்குச் செவி திறக்கும் என்பது என் அநுபவம்.

ஆசிரியர் அறையிலும் பயன் கண்டேன். வராதவர் வகுப்பை யார் ஏற்பது என்னும் சிறு பூசல் எங்களுக்குள் வாரந்தோறும் நிகழும். முன்பெல்லாம் மறுமொழியை நாவில் வைத்துக்கொண்டே பிறர் பேசுவதைக் கேட்பேன். இப்பொழுது கேட்டு முடித்த பின்னரே மறுமொழியைத் தேடுகின்றேன். பலகால் அது தேவைப்படுவதில்லை. பாகப் பிரிவினையில் பேச்சற்றுப் போன உடன்பிறந்தாரும், மடைநீர்க்காக முகம் திருப்பிய பங்காளிகளும் நம்மில் உளர். அவ்வழக்கெல்லாம் கண்மூடி இருப்பதால் தீரும் என்று யான் சொல்லேன். நியாயம் நியாயமாகவே பேசித் தீர்க்கற்பாலது. பேச உட்காரும்போது இருவரும் எழுந்து போகாதிருக்க இவ்வப்பியாசம் உதவும், அவ்வளவே.

சிலர் வீட்டுப் பொறுப்புக்கு அஞ்சித் தியானத்துள் ஒளிகின்றனர். குழந்தை அழத் தாய் அடுக்களையில் தவிக்க, தந்தை பூசையறைக் கதவை அடைத்துக்கொள்ளுதல் தியானமன்று. அதனை ஏட்டில் எந்தப் பக்கம் எழுதுவது என்பதை அவரவர் மனைவியாரைக் கேட்டறிக.

ஏட்டின் மாதிரித் தாள்கள் வாயிற்கதவருகே மேசைமீது வைக்கப்பட்டுள்ளன. வேண்டுவோர் எடுத்துச் செல்லலாம். பெயர் எழுதவேண்டா, எவர்க்கும் காட்டவும் வேண்டா. என் ஏட்டில் நேற்றைய கணக்கு இரண்டு. இன்றைக்கு இதுவரை ஒன்று. அது இக்கூட்டத்திற்கு வரும் வழியில், சில்லறை இல்லை என்ற பேருந்து நடத்துநரிடம் நிகழ்ந்தது.