அன்பளிப்பு யாருக்கு?

(திருச்செங்கோட்டுப் பக்கம் தறித் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய வாசகர் கூட்டத்தில் பேசியது)

நாம் கூடினால் கூலி உயர்வு, போனஸ், முன்பணக் கடன் என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், இதில் கதை என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று யாராவது நினைத்தால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். ஆரம்பத்தில் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நாங்கள் பண்டிதர்கள் அல்ல. ராத்திரி ஷிப்டு முடித்தவர்களும், களை வெட்டிவிட்டு வந்தவர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து உட்கார்ந்தோம். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படித்தார், மற்றவர்கள் கேட்டோம். அப்படிக் கேட்டவற்றில் மூன்றைப் பற்றி மட்டும், மனதில் பட்டதைப் பட்டபடி சொல்கிறோம்.

முதலாவது, புதுமைப்பித்தனின் 'பொன்னகரம்'. முப்பதுகளில் எழுதிய சிறுகதை. 1940இல் வந்த அவருடைய கதைத் தொகுதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கதை மூன்று நான்கு பக்கந்தான். அம்மாளு மில்லில் கூலி வேலை செய்கிறவள். புருஷன் குதிரை வண்டிக்காரன். குடித்துவிட்டு வண்டியோட்டி அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும். வீட்டிலே காசு இல்லை. இருட்டுச் சந்திலே தன் உடம்பைக் கொடுத்து அந்தக் காசைக் கொண்டுவருகிறாள்.

படித்து முடித்ததும் ஒரு தோழர் கேட்டார்: "கதையில் மில் இருக்கிறது, சங்கம் எங்கே? ஒரு கூலிக்காரியாவது அம்மாளுவுக்குக் கைகொடுக்க வரவில்லையே!" நியாயமான கேள்வி. அதற்கு நூற்பாலையில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் பதில் சொன்னார்: "யாரும் வரவில்லை என்பதுதானே கதை? அவளுக்கு யாரும் இல்லை என்று தெரிந்தால்தானே நாம் போவோம்!" அதற்கு மேல் எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கதை துண்டுப்பிரசுரம் அல்ல. என்ன செய் என்று அது சொல்லாது. யாரைப் பார்க்காமல் விட்டோம் என்று காட்டும்.

இரண்டாவது, நம் மண்ணின் கதை. 1966இல் திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்த பெருமாள்முருகன் எழுதி, 2000ஆம் ஆண்டில் வந்த 'கூளமாதாரி' நாவல். கதாநாயகன் யார் தெரியுமா? ராஜகுமாரன் அல்ல, பட்டணத்துப் பிள்ளையும் அல்ல. பண்ணயத்தில் ஆளாக விடப்பட்டு ஆடு மேய்க்கிற கூளையன் என்ற சிறுவன். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவன். கவுண்டர் வீட்டு ஆள். அவனும், அவனைப் போல ஆடு மேய்க்கிற பிள்ளைகளும் மேட்டுக்காட்டில் விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், பசியில் வாடுகிறார்கள். பண்ணையக்காரர் மகனும் கூளையனோடு சிநேகமாக இருக்கிறான். ஆனால் அந்தச் சிநேகத்தின் நடுவே ஒரு கோடு கிடக்கிறது. ஒருவன் ஆண்டை மகன், மற்றவன் ஆள். விளையாட்டிலே மறைந்து போகும் கோடு, வேலை என்று வந்ததும் எழுந்து நிற்கிறது.

இந்த நாவல் மெதுவாகத்தான் நகர்கிறது. இளவட்டங்கள் சிலர், "ஆடு மேய்ப்பதையே எத்தனை பக்கம் படிப்பது?" என்று சலித்துக்கொண்டார்கள். சிறுவயதில் பண்ணயத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "உங்களுக்குச் சில பக்கம், அப்பா. எங்களுக்கு அது எத்தனை வருஷம்!" பிறகு யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. சட்டம் வந்ததால் மட்டும் பழக்கம் போய்விடுமா? பட்டி போய்த் தறிப்பட்டறை வந்தது. வருஷக் கூலி போய் முன்பணம் வந்தது. அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளியை விட்டுவிட்டுத் தார் சுற்ற வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இல்லையா? கூளையனை நமக்குப் புதிதாக யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

இனி மூன்றாவது. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. இந்தப் பெயருள்ள தொகுதிக்கு, அவர் மறைந்த 1970ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமிப் பரிசு கிடைத்தது. கதை சின்னது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து தரும் மாமா ஒருவர். பிள்ளைகளுக்கு அவர்மேல் உயிர். புது வருஷத்துக்கு இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் டைரி கொடுத்துவிடுகிறார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. வேண்டுமென்று செய்ததல்ல, தோன்றவில்லை, அவ்வளவுதான். சாரங்கன் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் அவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைக்கிறான். அங்கே ஒரு டைரியைத் தானே எடுத்து நீட்டுகிறான். அன்பளிப்பு என்று தன் பெயரைப் போட்டு அதில் எழுதித் தரச் சொல்கிறான்.

இதைப் படித்தபோது கூட்டம் அப்படியே அடங்கிப் போயிற்று. அந்தப் பையனுக்கு வேண்டியது டைரியா? இல்லை. 'நீயும் என் கணக்கில் உண்டு' என்ற ஒரு வார்த்தை. கெட்டவர் யாரும் இல்லாத கதை இது. நல்லவர் ஒருவருடைய மறதிதான் பிள்ளையின் நெஞ்சைச் சுடுகிறது. அதனால்தான் இது நம்மையும் உறுத்துகிறது. நாமும் நல்லவர்கள்தானே? நாம் யாரை மறந்தோம்?

தோழர்களே! நன்றாகப் படிக்கிற பிள்ளைக்குப் பரிசு தருகிறோம், மேடையேற்றுகிறோம். தார் சுற்றப் போன பிள்ளைக்கு யார் புத்தகம் கொடுத்தார்கள்? ஆடு ஓட்டிப் போகிற பெண்ணுக்கு? 'அவனுக்குப் படிப்பு ஏறாது' என்று நாமே தீர்ப்புச் சொல்லிவிட்டோம்.

காசில்லை என்ற சாக்கும் வேண்டாம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியா விடுதலை பெற்றபின் வந்த முதல் நூலகச் சட்டம் அது. அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலாகிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகையின் வழியாக அதைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆகவே நூலகத்துப் புத்தகம் யாருடைய தருமமும் அல்ல, நம் காசு. உள்ளே போகக் கூச்சப்பட வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை அழைத்து வாருங்கள். சொந்தப் பிள்ளை மட்டும் வேண்டாம். இதுவரை யாரும் அழைக்காத பிள்ளையையும் தேடி அழைத்து வாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் குற்றமில்லை, கேட்கட்டும். நாலு பேர் காசு சேர்த்து ஒரு புத்தகம் வாங்கினால், முதல் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுங்கள். நூலகப் புத்தகத்தில் மட்டும் எழுதிவிடாதீர்கள்!

சாரங்கன் கேட்டு வாங்கினான். நம் தெருப் பிள்ளைகள் கேட்கும்வரை நாம் காத்திருக்க வேண்டாம்.