நூறு ஆண்டும் எண்ணூறு டாலரும்

கடலூர் முதுநகரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் வந்து கூடியிருக்கும் வணிகப் பெருமக்களே, அஞ்சல்தலையும் நாணயமும் சேகரிக்கும் அன்பர்களே!

சேகரிப்புப் பொருள்களை அயல்நாட்டுக்கு அனுப்பி விற்கும் சிறு வணிகர் இரண்டு வரம்புகளுக்கு இடையில் தொழில் செய்துவந்தார். நூறு ஆண்டு என்னும் முதல் வரம்பை விதித்தது இந்தியச் சட்டம். எண்ணூறு டாலர் என்னும் இரண்டாம் வரம்பை வைத்திருந்தது அமெரிக்கச் சட்டம். முதல் வரம்பு இன்றும் அப்படியே நிற்க, இரண்டாவது 2025 ஆகஸ்டு 29 அன்று அகற்றப்பட்டது. இவ்விரண்டும் ஒரே மனிதரின் தலையில் விழுந்ததை டெல்லியும் வாஷிங்டனும் கணக்கில் எடுக்கவில்லை என்பதே இம்மேடையின் குற்றச்சாட்டு.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக்கருவூலங்கள் சட்டம், நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுடைய நாணயம், சிற்பம், ஓவியம் முதலியவற்றைத் ‘தொல்பொருள்’ என வரையறுத்து, மைய அரசும் அதன் அதிகாரம் பெற்ற அமைப்பும் அன்றி வேறெவரும் அவற்றை ஏற்றுமதி செய்யக்கூடாதெனத் தடுக்கிறது. இத்தடை வேண்டாமென்று இம்மேடை ஒருபோதும் சொல்லாது. விருத்தாசலம் விருத்தகிரீசுவரர் கோயிலின் அர்த்தநாரீசுவரர் கற்சிலை களவுபோய்க் கடல் கடந்து, 2004இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தால் விலைக்கு வாங்கப்பட்டு, 2014இல்தான் இந்தியா திரும்பியது என்பதைக் கடலூர் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். ஆயினும் கற்சிலையே எல்லை தாண்டிப் போன இந்நாட்டில், 1930 என்று ஆண்டு பொறித்த ஓரணாக் காசை விற்பவரிடம் ‘இது தொல்பொருள் அன்று’ என்னும் சான்று கேட்கப்படுமானால், அந்த ஆண்டெண் காசின் மீதே கண்ணுக்குத் தெரிந்தாலும், அவர் இந்தியத் தொல்லியல் துறையின் அலுவலகப் படியேற வேண்டியிருக்கிறது.

சட்டத்துக்கு உட்பட்டு நடக்கும் வணிகரிடம் அப்போது எஞ்சுவது எது என்று பார்க்க வேண்டும். ஆறாம் ஜார்ஜ் காலத்து அணாக்களும், விடுதலைக்குப் பின் வந்த அஞ்சல்தலைகளும், தலை வெளியான அன்றே முத்திரையிடப்பட்ட முதல்நாள் உறைகளும், சிவகாசித் தீப்பெட்டி மேலொட்டுகளும், பழைய திரைப்படப் பாட்டுப் புத்தகங்களும், பண்ருட்டிப் பக்கத்துக் கொலு பொம்மைகளும்தாம் எஞ்சுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஐந்து டாலர், பத்து டாலர், மிஞ்சினால் ஐம்பது டாலர் பெறுபவை. விலையுயர்ந்ததை உள்நாட்டில் நிறுத்திய சட்டம் விலைகுறைந்ததை மட்டுமே அவருக்கு விட்டுவைத்தது என்றால், அந்த விலைகுறைந்த பொட்டலத்துக்கு அயல்நாட்டில் இருந்த சலுகைதான் அவருடைய தொழிலின் முதலே ஆகும்.

அச்சலுகை, அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 321ஆம் பிரிவில் இருந்தது. வரியை வசூலிக்கும் செலவே வரியை விஞ்சிவிடும் என்பதால், குறிப்பிட்ட மதிப்புக்கு உட்பட்ட பொட்டலத்தை வரியின்றி விடும் ஏற்பாடு அது. அந்த மதிப்பு 2016இல் 200 டாலரிலிருந்து 800 டாலராக உயர்த்தப்பட்டது. 2025 ஆகஸ்டில் அது எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டபோது, வரியை யார் வசூலித்து யாரிடம் செலுத்துவது என்பதே தெளிவாகாத நிலையில், இந்திய அஞ்சல் துறை ஆகஸ்டு 25 முதல் அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொருள் அஞ்சலை நிறுத்தியது. 88 அஞ்சல் நிர்வாகங்கள் முழுமையாகவோ பகுதியாகவோ சேவையை நிறுத்தியதாகவும், அமெரிக்காவுக்கான அஞ்சல் ஒரே வாரத்தில் 81 விழுக்காடு சரிந்ததாகவும் உலக அஞ்சல் ஒன்றியம் அறிவித்தது.

அக்டோபர் 15 அன்று சேவை மீண்டபோது, அனுப்புவோரே வரியை முன்கூட்டி அஞ்சலகத்தில் செலுத்தும் முறை வந்தது. அப்போது வரி, அறிவித்த மதிப்பில் 50 விழுக்காடாக இருந்தது. 1,000 ரூபாய் உறைக்கு 500 ரூபாய் வரியும், அதன்மேல் அஞ்சல் கட்டணமும் கட்டிய பிறகே பொட்டலம் மேசையைத் தாண்டியது. பொருளின் மதிப்பைப் பாராமல் ஒவ்வொன்றுக்கும் 80 முதல் 200 டாலர் வரை தட்டையாக வாங்கும் மற்றொரு முறையையும் அமெரிக்க ஆணை இடைக்காலத்துக்கு அனுமதித்திருந்தது. அப்போது உயர்ந்த வீதத்தில் வரி விதிக்கப்பட்டிருந்த இந்தியா போன்ற நாட்டுக்கு அது 200 டாலராக இருந்தது. அம்முறையை இந்திய அஞ்சல் துறை தேர்ந்தெடுக்காமல் விட்டது சிறு வணிகர் செய்த புண்ணியம்.

இதில் கொடுமையான செய்தி வேறொன்று உண்டு. உலகச் சுங்க வகைப்பாட்டின் 97ஆம் அத்தியாயம் கலைப்பொருள், சேகரிப்புப் பொருள், தொன்மைப் பொருள் ஆகியவற்றுக்கு உரியது. அஞ்சல்தலை 9704ஆம் தலைப்பிலும், நாணயச் சேகரிப்பு 9705ஆம் தலைப்பிலும் அடங்கும். அமெரிக்காவின் வழக்கமான வரிப்பட்டியலில் இவ்விரண்டுக்கும் இறக்குமதி வரியே கிடையாது. நூறாண்டு முயன்றாலும் எந்த அமெரிக்கத் தொழிற்சாலையும் 1948ஆம் ஆண்டின் காந்தி அஞ்சல்தலையைப் புதிதாக உற்பத்தி செய்து போட்டிக்கு வர இயலாது என்பதால், அவ்விலக்கு நியாயமானது. சலுகையை நிறுத்திய அமெரிக்க அவசர ஆணையின் ஒரே வீத வரியோ அந்த நியாயத்தை மூடிவிட்டு, திருப்பூர்ச் சட்டையையும் முதுநகர்ப் பெட்டியில் கிடந்த அஞ்சல்தலையையும் ஒரே தட்டில் நிறுத்தது.

பிறப்பிட விதியும் சிக்கலானது. வரியின் வீதத்தை முடிவு செய்ய வேண்டியது பொருள் உற்பத்தியான நாடே அன்றி, அனுப்பப்படும் நாடு அன்று. இக்கடற்கரை ஊர்களின் பழைய வீடுகளில் இரங்கூனிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடித உறைகள் கிடைக்கின்றன. மலாயாவின் தலைகள் பல இலண்டனில் அச்சானவை. நாசிக்கில் 1925இல் அச்சகம் அமையும்வரை இந்தியத் தலைகளும் பெரும்பாலும் இலண்டனில்தான் அச்சாயின. ஆகவே பினாங்குத் தலை ஒட்டிய உறைக்குப் பிறப்பிடம் மலேசியாவா, பிரிட்டனா, இந்தியாவா என்று சுங்கப் படிவத்தில் எழுதவேண்டியவர் பெட்டிக்கடைக்கு ஒப்பான கடை நடத்தும் தனிமனிதர்; தவறாக எழுதினால் பொறுப்பும் அவருடையதே.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 நிதியாண்டில் 136 கோடிப் பொட்டலங்கள் அச்சலுகையில் அமெரிக்காவுக்குள் நுழைந்தன; அதைப் பெருமளவில் அனுபவித்தவை மலிவு ஆடை விற்கும் பெரும் இணைய நிறுவனங்கள்; வரி கட்டும் உள்ளூர்க் கடைக்காரருக்கு அது அநீதி. ஆஸ்திரேலியா 2018இலும், பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் 2021இலும் சிறு பொட்டல விலக்கைத் தத்தம் விற்பனை வரிகளில் ஒழித்தன. இந்தியாவும் கைகழுவ முடியாது: பரிசென்று வரும் பொருளுக்கு இருந்த 5,000 ரூபாய் விலக்கை 2019 டிசம்பரில் நீக்கி, ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும் அதை விட்டுவைத்தது டெல்லிதான். ஆனால் திமிங்கலத்தைப் பிடிக்க விரித்த வலையில் நெத்திலி மட்டும் சிக்குவது எவ்வகை நீதி? பெருநிறுவனம் இலக்குநாட்டிலேயே கிடங்கு எடுத்து, சுங்க முகவரை அமர்த்தி, செலவை இலட்சம் பொட்டலங்களில் பரப்பிவிடும். ஒற்றை உறை அனுப்புபவர் எதில் பரப்புவார்?

100 டாலர் வரையிலான பரிசுகளுக்கு மட்டும் அமெரிக்கா விலக்கைத் தொடர்ந்ததால், விற்ற பொருளைப் ‘பரிசு’ என்று எழுதிவிடும் ஆசை சிலருக்கு எழுந்திருக்கலாம். அது பொய் அறிவிப்பு, தொழிலையே அழிக்கும். காம்போச மன்னன் காட்சியாக அளித்த கல்லைத் தில்லைக் கோயிலில் பதிப்பித்ததைக் கூறும் முதலாம் குலோத்துங்கன் காலத்து 1114ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் போல, வந்தது காட்சிப்பொருளா விற்பனைப்பொருளா என்பதை உள்ளபடி எழுதுவதே முறை. அவ்வரசனுக்குச் ‘சுங்கம் தவிர்த்தவன்’ என்ற பெயரும் உண்டு என்பதை வரி அமைச்சர்கள் அறிந்திருப்பது நல்லது.

எனவே இவ்வவை கேட்பது அருள் அன்று, முறை. வாஷிங்டனுடன் நடத்தும் ஒவ்வொரு வணிகப் பேச்சிலும் 97ஆம் அத்தியாயப் பொருள்களைத் தனியே எடுத்துவைத்து, அவற்றின் வரியின்மையை அஞ்சல் வழிக்கும் உறுதிசெய்ய மைய அரசு கோர வேண்டும். நூறு ஆண்டுக்கு உட்பட்டவை என்பது பொருளின் மீதே தெரியும் நாணயத்துக்கும் தலைக்கும், தொல்பொருள் அன்று என்னும் சான்றை மாவட்டத் தலைநகரிலேயே வழங்க வேண்டும். வகைப்பாட்டு எண்ணையும் பிறப்பிட விதியையும் தமிழில் அச்சிட்டு, அவற்றைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஓர் ஊழியரைத் தலைமை அஞ்சலகங்களில் அமர்த்த வேண்டும். இம்மூன்றையும் விண்ணப்பமாக எழுதி, கடலூர், சிதம்பரம் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கையொப்பத்துடன் ஒப்படைக்க இவ்வவையிலுள்ள ஒவ்வொருவரும் முன்வருவாராக.