தமிழாசிரியருக்குக் கணினி தெரியாதா?



தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கணினி சரியாகத் தெரியாது, அதனால்தான் இணைய வகுப்பு என்றாலே மன உளைச்சல் என்கிறார்கள் என்று ஒரு கருத்து உலவுகிறது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறப் பள்ளிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அதை நான் மறுக்கிறேன்.

இந்த உளைச்சல் புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் கிரெய்க் பிராட் 1984ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கருவியைக் கண்டு அஞ்சுவது ஒரு வகை, கருவியோடு ஒட்டிக்கொண்டு மற்றதை மறப்பது இன்னொரு வகை என்றார். நம் ஆசிரியர்களுக்கு வந்தது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அடுத்த மாதமே கல்வி அமைச்சு ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. நாடு முழுவதும் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று அது கூறியது. பஹாவ், ஜெலுபு, தம்பின் பக்கம் உள்ள தோட்டங்களில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைப்பேசி. அதுவும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், மாலையில்தான் வீடு திரும்பும். மூன்று பிள்ளைகள் இருந்தால், மூவரும் முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே ஆசிரியருக்கு வகுப்பு எப்போது? அட்டவணைப்படி காலையில் ஒன்று, அப்பா வீடு திரும்பிய பிறகு இரவில் ஒன்று. புலனத்தில் நோட்டுப் புத்தகப் படங்கள் இரவு பத்து மணிக்கும் வந்து விழும். கருவியை இயக்கத் தெரியாமல் வந்த களைப்பல்ல இது. கருவியை அணைத்து வைக்க முடியாமல் வந்த களைப்பு.

மொழிப் பாடத்திற்கு இன்னொரு தொல்லையும் உண்டு. லகர, ளகர, ழகர வேறுபாட்டை முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவது? பிள்ளை ஆசிரியரின் வாயைப் பார்க்க வேண்டும், ஆசிரியர் பிள்ளையின் நாக்கைப் பார்க்க வேண்டும். செம்பனைக் காட்டுக்கு நடுவே அலைவரிசை விட்டுவிட்டு வரும்போது 'பழம்' என்றாரா, 'பலம்' என்றாரா என்று யாருக்குத் தெரியும்? 'இ' எழுதும்போது கை எங்கே தொடங்குகிறது என்பதும் படத்தில் தெரியாது. எழுதி முடித்ததுதான் தெரியும். கூகுள் படிவமோ, புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் தவறு என்று போட்டுவிடும். கட்டுரையைத் திருத்தவே திருத்தாது. நாற்பது படங்களைக் கைப்பேசித் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கி, விரலால் சிவப்புக் கோடு போட்டுத் திருத்திய கண்களை நினைத்துப் பாருங்கள்.

எழுத்துருச் சிக்கல் வேறு. ஆண்டுக்கணக்கில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து சேர்த்த பயிற்சித் தாள்களைப் படிவத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடும்தான் வரும். எல்லாவற்றையும் ஒருங்குறியில் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். முரசு அஞ்சலையும் செல்லினத்தையும் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர்தான். இருந்தும் இந்த நிலை.

தளங்களையாவது நிலையாக வைத்தார்களா? 2003இல் அறிவியல், கணிதம் ஆங்கிலத்துக்கு மாறியபோது அந்தப் பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். அந்த ஏற்பாட்டில் தமிழ்ப் பாடத்திற்கு இடமில்லை. பிறகு ஃபுரோக் என்னும் மெய்நிகர் கற்றல் தளம் வந்தது. அதை 2019 நடுவில் நிறுத்தினார்கள். 2020 ஜூனில் டெலிமா வந்தது. ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும், கடவுச்சொல்லும் மாறிவிடும்.

பள்ளிகள் திறந்துவிட்டனவே, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்கலாம். பள்ளிகள் திறந்தன, ஆனால் புலனக் குழுக்கள் கலையவில்லை. ஒரே விவரத்தை இணையத்தில் பதிவு செய்து, படம் எடுத்து அனுப்பி, அச்செடுத்துக் கோப்பிலும் வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளியில் ஆசிரியர்களும் சிலர்தான், ஆனால் கேட்கும் அறிக்கைகள் மட்டும் குறைவதில்லை. வெள்ளம், புகைமூட்டம் என்று பள்ளியை மூடினால் மீண்டும் இல்லத்திலிருந்துதான் கற்றல்.

நான் கேட்பது பெரிதல்ல. இரவில் வகுப்பு நடத்தும் ஆசிரியருக்குப் பகலில் அந்த நேரத்தைக் கழித்துக் கொடுங்கள். பிள்ளை வாசித்து அனுப்பிய குரல்பதிவையே அன்றைய பாடத்துக்குச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் படமும் அறிக்கையும் வேண்டாம். மாநிலத்தில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் ஒருங்குறியில் செய்த பயிற்சிகளை ஒரே இடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். ஆளுக்கொரு தடவை ஒரே பயிற்சியைத் தட்டச்சு செய்வானேன்?

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு விழாவுக்குத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தோட்ட மண்டபத்தில் நான்கு தட்டைக் கணினிகளும் ஓர் இணைய இணைப்பும் வைத்துவிடுங்கள். பள்ளியை மூடும் நாளில் அப்பா வேலை முடிந்து வரும்வரை பிள்ளை காத்திருக்க வேண்டாம், ஆசிரியரும் இரவு பத்து மணிவரை விழித்திருக்க வேண்டாம்.