கதவைச் சாத்தினால் காய்ச்சல் நிற்குமா?

(தாம்பரத்தில் மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவம் படித்தவனில்லை. கவிதை எழுதுகிறவன். வங்கியில் நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன். "என்னம்மா அவசரம்?"னு கேட்டா அடிக்கடி வர்ற பதில், "ஆஸ்பத்திரிச் செலவு சார்." முடிச்சூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு அக்கா தாலியைக் கழற்றி வைத்துவிட்டு மஞ்சள் கயிறோடு போனார்.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. 10 லட்சம் பேருக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம்தான். 2011 கணக்கெடுப்பில் நாம் 7.21 கோடி, அதன்படி சுமார் 7,200 இடம். நம்மிடம் அப்போதே 10,000க்கும் மேல். ஆக, புதுக் கல்லூரிக்குக் கதவு சாத்தியாச்சு. எதிர்ப்புக் கிளம்பியதும் நவம்பரில் தள்ளிவைத்தார்கள்.

இடம் அருகினால் இடமே சொத்தாகிறது. தனியார் கல்லூரியில் லட்சம் லட்சமாகக் கட்டிப் படித்தவர் அதை எங்கே எடுப்பார்? ஸ்கேன் சீட்டில் எடுப்பார். அந்தச் சீட்டுதான் என் கவுண்டருக்கு நகையாக வருகிறது.

ஆஸ்பத்திரியைக் குறைத்தால் செலவு குறையும் என்று நம்பி 1974இல் அமெரிக்கா சட்டம் போட்டது: தேவைச் சான்று வாங்காமல் புது ஆஸ்பத்திரி கட்டக் கூடாது. செலவு அடங்கவில்லை. ஏற்கெனவே கட்டியவனுக்குப் போட்டியில்லாமல் போனதுதான் மிச்சம். 1986இல் அந்த மத்தியச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

அப்படின்னா கட்டுப்பாடே வேண்டாமா? அப்படிச் சொன்னால் நம் சேரிக்குள் ஊசி போடும் போலி டாக்டருக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும். தரத்துக்குக் கட்டுப்பாடு வேண்டும். எண்ணிக்கைக்குப் பூட்டு வேண்டாம். திறந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. சந்தை ஜி.எஸ்.டி. சாலையில் கட்டும்; சேரியில் கட்டாது. அரசுதான் கட்ட வேண்டும்.

சானடோரியத்தைப் பாருங்க. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசு ஆஸ்பத்திரியானது. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல இடங்களில் தொடவே மறுத்தபோது அங்கே படுக்கை கொடுத்தார்கள். 'தொடாதே' என்ற சொல்லின் பொருள் நமக்குத் தெரியும். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி, அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து விலையை இறக்கிக் காட்டியது.

கிணற்றைப் பூட்டினால் தாகம் குறையாது. தண்ணீர் விலைக்கு வரும். பூட்டிய கிணறு நமக்குப் புதுசில்ல. 1927இல் மகத் குளத்தில் இறங்கி அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது எதற்காக?

ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. உங்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி டாக்டர் இருக்கிறாரா என்று போய்ப் பாருங்க. இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுதிக் கேளுங்க. சும்மா இருக்காதீங்க.