சில்லு கெட்டதா?



எலெக்ட்ரானிக்ஸ் கற்கத் தொடங்கிய நாளில் நானே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் பலகை செய்தேன். ஏ.டி.மெகா 328பி என்னும் 28 கால் சில்லு, 16 மெகாஹெர்ட்ஸ் படிகம், 5 வோல்ட் மின்சாரம். விளக்கு மின்னியது, ஆனால் நடுநடுவே நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. “சில்லு சரியில்ல” என்று இரண்டைக் குப்பையில் போட்டேன். மூன்றாவதும் அப்படியே!

பிறகுதான் புரிந்தது. சில்லு திடீர் திடீரென மின்சாரம் கேட்கும். தூரத்துக் குழாய் போன்ற நீளக் கம்பி உடனே தராது. 7, 8-ஆம் கால்களின் அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்று நிறைகுடம்போல் இருக்க வேண்டும். சில காசுதான் விலை. வைத்தேன், ஓடியது.

பெற்றோர்களே, இன்று பரிசு வாங்காத பிள்ளையைச் “சரியில்ல”ன்னு சொல்லிடாதீங்க. பக்கத்தில் என்ன குறையுதுன்னு பாருங்க.