ஓவியத்தில் மீன் நாறுவதில்லை



கலையைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நான் ஓவியம் படித்தவன் இல்லை. மீன் விற்கும் பெண்களின் உழைப்பைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். ஆனால் ஒரு ஓவியத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது.

நான் படித்த நிறுவனம் ஒன்றில், துறைத்தலைவர் அறைச் சுவரில் பெரிய அச்சுப்பிரதி ஒன்று மாட்டியிருந்தது. ஈரமான கடற்கரை, மணலில் கொட்டிக் கிடக்கும் மீன்கள், கூடையோடு பெண்கள், பின்னால் ஏலக் கூட்டம், அதற்கும் பின்னால் பாய்மரப் படகுகள். அந்தப் படத்துக்குக் கீழே உட்கார வைத்துத்தான் என்னை விசாரித்தார்கள். குற்றம், விடுதி அறையில் அம்மா கொடுத்தனுப்பிய கருவாட்டை வறுத்தது. "மற்றவர்களுக்கு அசௌகரியம்" என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். நான் பதில் சொல்லவில்லை. படத்தில் இருந்த திருக்கை மீனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் அந்தப் படத்தைத் தேடிப் போனேன். 'கார்னிஷ் கடற்கரையில் ஒரு மீன் விற்பனை.' இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் கார்ன்வாலில் உள்ள நியூலின் என்கிற மீனவ ஊர். வரைந்தவர் ஸ்டான்ஹோப் ஃபோர்ப்ஸ். 1885இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டு அவருக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்த எண்ணெய் ஓவியம். அவர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து கற்பனை செய்து வரையவில்லை. கித்தானைக் கடற்கரைக்கே தூக்கிக்கொண்டு போய், காற்றிலும் மழையிலும் நின்று, ஊர்க்காரர்களுக்குக் கூலி கொடுத்து நிற்க வைத்து வரைந்தார். அந்தச் சாம்பல் நிற வெளிச்சம் பொய்யில்லை. கடற்கரையில் பிறந்தவன் நான், சொல்கிறேன்: ஈர மணலில் வானம் தெரிகிற விதம் அப்படியேதான் இருக்கும்.

ஃபோர்ப்ஸின் அப்பா ரயில்வே மேலாளர். இதை நான் சும்மா சொல்லவில்லை. ரயில் வந்த பிறகுதான் அந்தக் கடற்கரையின் மீன் லண்டன் சந்தைக்குப் போனது, ஏலத்தில் வெளியூர் வியாபாரிகள் வந்து நின்றார்கள். அதே ரயிலில்தான் ஓவியர்களும் வந்து இறங்கினார்கள். மீன் மேலே போனது, ஓவியர் கீழே வந்தார். இரண்டையும் வாங்கியது ஒரே நகரம்.

அவருக்கு முன்பே 1882இல் அங்கே குடியேறியவர் வால்டர் லாங்லி. பர்மிங்காம் தையல்காரர் ஒருவரின் மகன், பதினொரு பிள்ளைகள் இருந்த வீடு. அவர் படங்களில் கடற்கரை அழகாக இருக்காது. படகு திரும்பாத வீட்டின் பெண்கள் இருப்பார்கள். 1894இல் வரைந்த ஒன்றில், துறைமுகச் சுவரோரம் அழுகிற இளம்பெண்ணைக் கிழவி ஒருத்தி தேற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு ஃபோர்ப்ஸைவிட லாங்லியைத்தான் பிடிக்கும். ஏழை வீட்டுக் கண் வேறு எங்கோ பார்க்கிறது.

சரி, அந்த ஊருக்கு என்ன ஆனது? ஐம்பது வருடம் அதன் சந்துகளையும் கல் வீடுகளையும் ஓவியர்கள் வரைந்து தள்ளினார்கள். 1937இல் நகராட்சி அதே வீடுகளைப் பார்த்துச் 'சேரி' என்றது, இடிக்க வேண்டும் என்றது. மீனவர்களை மேட்டில் கட்டிய புதுக் குடியிருப்புக்குப் போகச் சொன்னார்கள். படகு கீழே, வீடு மேலே. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி என்று கேட்டுப் பழகிய நமக்கு இது புதுக்கதை இல்லை. ஆனால் நியூலின்காரர்கள் ஒன்று செய்தார்கள். 'ரோஸ்பட்' என்கிற மீன்பிடிப் படகில் ஏறி, கடலைச் சுற்றி, தேம்ஸ் நதி வழியாக நாடாளுமன்ற வாசலுக்கே போய் மனு கொடுத்தார்கள். ஓவியர்கள் சிலரும் கூட நின்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் வீடுகள் தப்பின, கொஞ்சம் இடிந்தன. ஓவியத்தில் இருந்தால் அழகு, நிலத்தில் இருந்தால் ஆக்கிரமிப்பு. 2023 ஏப்ரலில் மெரினா லூப் சாலையில் மீன் கடைகளை அகற்றியபோது சாலையிலேயே மீனைக் கொட்டிப் போராடிய பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நான் பேச்சை முடித்திருந்தால் எனக்கு வசதி. நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் நியூலினில் இருந்தது வறுமை, சாதி இல்லை. அங்கே மேட்டு வீட்டுக்குப் போனவனின் பேரன் நாற்றத்தை உதறிவிடலாம். இங்கே குளித்தாலும் போகாது. விடுதியில் எனக்கு நடந்தது அதுதான். அது மட்டும்தானா என்பதுதான் என் கேள்வி.

நான் நாகப்பட்டினம் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவன். 2004 சுனாமியின்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நிவாரண முகாமில் தலித் மக்களைத் தனியாக ஒதுக்கியது, தண்ணீர்த் தொட்டியில் கை வைக்க விடாதது எல்லாம் அப்போதே செய்திகளில் வந்தவை. செய்தவர்கள் யார்? எங்கள் ஆட்கள். என் பெரியப்பா வரிசையில் நின்று, "அவங்கள அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு" என்று கத்தியது என் காதில் இருக்கிறது. மனைவியைக் கடலுக்குக் கொடுத்து மூன்று நாள்கூட ஆகாத மனிதர் அவர்.

எங்கள் துறையை யாராவது வரைந்தால் படகுக்காரர் வருவார், ஏலம் கூறுபவர் வருவார், கூடையோடு அம்மாவும் வருவார். ஐஸ் சுமந்தவர்கள் வருவார்களா? கருவாடு காய வைக்க மணலைப் பெருக்கியவர்கள்? படகில் பங்கும் கிடையாது, ஊர்ப் பஞ்சாயத்தில் பேச்சும் கிடையாது அவர்களுக்கு. பஞ்சாயத்தில் என் அம்மாவுக்கும் பேச்சு கிடையாது என்பது வேறு விஷயம்.

போன வாரம் அம்மாவிடம் அந்த ஓவியத்தைப் போனில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஐஸே காணுமே தம்பி. திருக்கைய இப்படி மண்ணுல போட்டா வெலை வுழுந்துடாதா?" என்றார்.

அப்போது கேட்டேன்: "நம்ம துறையில ஐஸ் கொண்டாந்து போட்டு, உன் தலையில கூடையத் தூக்கி வெப்பாங்களே ஒரு அம்மா, அவங்க பேரு என்னம்மா?"

இருபது வருடம் தினமும் விடியற்காலையில் கூடை தூக்கிவிட்டவர். எனக்குப் பாட்டி வயது. நானே அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். தெருப் பெயரைச் சொன்னார். அவர் மகன் பெயரைச் சொன்னார். அவர் பெயர் அம்மாவுக்குத் தெரியவில்லை.